எவிந்தே: உன் வீட்டிலா, அவர் வீட்டிலா?

கேள்வி: துருக்கி மொழி படிக்கிறேன். 'எவ்' என்றால் வீடு, 'எவ்தே' வீட்டில், 'எவி' அவருடைய வீடு. அப்படியானால் 'அவர் வீட்டில்' என்பதற்கு 'எவிதே' என்றுதானே வரவேண்டும்? ஆசிரியர் 'எவிந்தே' என்று திருத்துகிறார். அதே சொல்லுக்கு 'உன் வீட்டில்' என்றும் பொருள் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரி. காதுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பிரிக்கும்போது வேறாகும். 'எவ்-இன்-தே' என்று பிரித்தால் 'இன்' உன்னைக் குறிக்கும் உடைமை விகுதி. 'எவ்-இ-ன்-தே' என்று பிரித்தால் 'இ' அவரைக் குறிக்கும். 'ன்' இடையில் வந்து நிற்பது.

உயிரும் உயிரும் மோதாமலிருக்க அந்த 'ன்' வருகிறது என்று பல பாடநூல்கள் சொல்லும். எனக்கு அது போதாது. 'தே' மெய்யில்தானே தொடங்குகிறது, மோதல் எங்கே? நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு: சாரியை. 'அது' என்பதோடு 'ஐ' சேரும்போது 'அதனை' ஆகிறதே, நடுவில் வரும் 'அன்' போலத்தான். துருக்கியிலும் 'அது' என்று பொருள்படும் 'ஒ', 'ஒனு' (அதனை), 'ஒந்தா' (அதில்) என்றே உருமாறும் (முன்னுள்ள உயிருக்கேற்ப 'தே' இங்கே 'தா' ஆகிறது). இதை வைத்து இரு மொழிக்கும் உறவு கொண்டாட வேண்டாம். நினைவில் நிற்க உதவினால் போதும்.

உயிரில் முடியும் பெயர்களில் குழப்பமே இல்லை. 'அரபா' கார், 'அரபாந்தா' உன் காரில், 'அரபாஸிந்தா' அவர் காரில் (உயிருக்குப் பின் 'இன்' வெறும் 'ன்' ஆகும், 'இ' 'ஸி' ஆகும்). 'எவ்' போன்ற சொற்களில் ஐயம் வந்தால் முன்னால் 'ஸெனின்' (உன்), 'ஒனுன்' (அவருடைய) சேர்த்துவிடுங்கள். பேச்சில் பெரும்பாலும் இடமே பொருளைக் காட்டிவிடும். விகுதி வரிசை மட்டும் மாறாது: பன்மை, உடைமை, கடைசியில் வேற்றுமை. 'எவ்-லெர்-இமிஸ்-தே', எங்கள் வீடுகளில்.

இஸ்தான்புல்லில் இந்த 'ன்' தெருவுக்குத் தெரு வரும். இரண்டு சந்தைகளைப் பாருங்கள். 'கபலிச்சார்ஷி' என்பது 'மூடிய சந்தை'. 'கபலி' வெறும் அடைமொழி, உடைமை விகுதி இல்லை. அதனால் 'கபலிச்சார்ஷிதா'. மசாலா விற்கும் 'மிஸிர் சார்ஷிஸி' எகிப்துச் சந்தை. கடைசி 'ஸி' உடைமை விகுதி, 'எகிப்தின் சந்தை' என்பதுபோல. எனவே 'மிஸிர் சார்ஷிஸிந்தா'. தக்ஸிம் சதுக்கமான 'தக்ஸிம் மெய்தானி'யும் அப்படியே (மெய்தான் நம் மைதானமேதான்): அங்கே சந்திப்போம் என்றால் 'தக்ஸிம் மெய்தானிந்தா'.