பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு நடுவர் ஆவது எப்படி: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ராணுவத்தில் இருந்தபோது பெங்களூர் அல்சூர் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்று காவேரிப்பட்டினத்தில் குடியேறிய பிறகும் பந்தயங்களில் நடுவர் குழுவில் உட்கார்ந்து வருகிறேன். இதைக் கேள்விப்பட்டு நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு விரிவாகவும், என் துறைக்கு வெளியே போனதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

ஊத்தங்கரை, கல்லூரி மாணவர்: அண்ணா, கடலே இல்லாத மாவட்டத்தில் பிறந்தவன் இதற்கு நடுவர் ஆக முடியுமா?

முடியும் தம்பி. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ்காரர். அங்கே ஏது கடல்? போபால் ஏரியில் பயிற்சி எடுத்தவர். அதே போட்டியில் வெண்கலம் வாங்கிய விஷ்ணு சரவணன் நம் பக்கத்து வேலூரில் பிறந்தவர். ஹைதராபாத் உசேன் சாகரில் தேசியப் போட்டியே நடக்கிறது. பந்தயத்துக்குத் தேவை காற்றும் தண்ணீரும்தான், அந்தத் தண்ணீர் உப்பாக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் பெங்களூர் போய்விடலாம். அங்கே ஆரம்பி.

ஓசூர், ஐடி ஊழியர்: சார், படிப்படியாக என்ன செய்ய வேண்டும்? சான்றிதழ் யார் தருவது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பந்தயத்தை நடத்துகிறவர் ரேஸ் ஆபீசர். கொடி ஏற்றுவது, மிதவைகளைப் போடுவது, ஐந்து நிமிட எச்சரிக்கை சிக்னலில் தொடங்கி ஸ்டார்ட் கொடுப்பது, முடிவைக் குறிப்பது எல்லாம் அவர் வேலை. இரண்டு படகு மட்டும் போட்டியிடும் மேட்ச் ரேஸிலும், அணிப் பந்தயத்திலும் தண்ணீரிலேயே உடனுக்குடன் தீர்ப்பு சொல்பவர் அம்பயர். ஜட்ஜ் என்பவர் ப்ரொட்டஸ்ட், அதாவது எதிர்ப்பு மனு வந்தால் விசாரித்து முடிவு சொல்பவர், சில பந்தயங்களில் தண்ணீரில் நின்று கண்காணிப்பவரும்கூட. மூன்றும் தனித்தனித் தகுதி. உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

ஜட்ஜ்தான் என்றால், ஒரு கிளப்பில் சேர்ந்து படகு ஓட்டுங்கள். பெரிய வீரராக வேண்டியதில்லை, ஆனால் பந்தயத்தில் கலந்துகொண்டிருக்க வேண்டும். முப்பது படகு ஒரே மிதவையை நோக்கி வரும்போது அந்த நெரிசலுக்குள் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் விசாரணையில் சரியான கேள்வி கேட்க வரும். அடுத்து, உங்கள் கிளப் பந்தயத்தில் நடுவர் குழுவில் கடைசி ஆளாக உட்கார்ந்து குறிப்பெழுதுங்கள். தேசிய அளவில் நமக்கு யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. அவர்களின் பயிற்சி முகாம், தேர்வு அறிவிப்புகளைப் பாருங்கள். சர்வதேச ஜட்ஜ் ஆவதற்கு, இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங் நடத்தும் கருத்தரங்கில் கலந்துகொண்டு எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், போதிய போட்டிகளில் பணியாற்றியிருக்க வேண்டும், தேசியச் சங்கத்தின் பரிந்துரையும் வேண்டும். அதுவும் நான்கு ஆண்டுகளுக்குத்தான். பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டிலிருந்தே இரண்டு நாளில் சர்வதேச நடுவர் சான்றிதழ் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் காகிதத்தை எந்தப் பந்தயத்திலும் ஏற்க மாட்டார்கள்.

பாலக்கோடு: சம்பளம் எவ்வளவு வரும்?

இது சம்பள வேலை இல்லை. பெரும்பாலும் தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு கிடைக்கும், அவ்வளவுதான்.

தர்மபுரி, பள்ளி ஆசிரியை: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? அதைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறதா?

நல்ல கேள்வி டீச்சர். பாய்மரப் பந்தய விதிகள் ஒலிம்பிக்கை ஒட்டி நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும். இப்போது நடைமுறையில் இருப்பது 2025–2028 பதிப்பு, வேர்ல்டு செய்லிங் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பதிப்பை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், இந்த முறை எதிர்ப்பு, விசாரணை பற்றிய பகுதியை மொத்தமாக மாற்றி எழுதியிருக்கிறார்கள், விதி எண்களே மாறிவிட்டன.

எல்லாரும் யாருக்கு வழி என்று சொல்லும் விதி 10இல் தொடங்குவார்கள். வேண்டாம். வரையறைகளில் தொடங்குங்கள். ‘ஓவர்லாப்’ என்று ஒரு சொல். பின்னால் வரும் படகின் மூக்கு முன்னால் போகும் படகின் வாலைத் தாண்டிவிட்டதா என்பதுதான் விஷயம். ஆனால் வாலை எங்கிருந்து அளப்பது? படகின் உடலும் அதன் உபகரணங்களும் வழக்கமான நிலையில் இருக்கும்போது எது கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கோடு. பல படகுகளில் அது சுக்கான். அந்த ஒரு சாண் வித்தியாசத்தில் மிதவையைச் சுற்றும்போது யாருக்கு இடம் விட வேண்டும் என்பதே மாறிவிடும்.

மேசையில் நான்கு தீப்பெட்டி வையுங்கள், காற்று வரும் திசைக்கு ஒரு பென்சில், மிதவைக்கு ஒரு எலுமிச்சை. விதியை ஒரு வரி படிப்பது, பெட்டியை நகர்த்துவது, அடுத்த வரி. கூடவே வேர்ல்டு செய்லிங்கின் கேஸ் புக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலான சம்பவங்களுக்கு விதியை எப்படிப் பொருத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது.

பென்னாகரம்: ஓகேனக்கல் பரிசல் போட்டிக்கு இந்த விதிகள் செல்லுமா?

செல்லாது. பரிசலுக்குப் பாய் கிடையாது. அதை ஓட்டுகிற குடும்பங்களிடம் கேளுங்கள், என்னைவிட அவர்களுக்குத்தான் அந்த ஆற்றைத் தெரியும்.

கிருஷ்ணகிரி பழையபேட்டை, லாரி உரிமையாளர்: ஐயா, இரண்டு படகு குறுக்கே வந்தால் யாருக்கு வழி? ரோடு மாதிரி முன்னால் போகிறவனுக்கா?

இல்லைங்க. காற்று வலது பக்கத்திலிருந்து வந்தால் அந்தப் படகு ஸ்டார்போர்டு டேக், இடமிருந்து வந்தால் போர்ட் டேக். எதிரெதிர் டேக்கில் இருந்தால் போர்ட் விலக வேண்டும். இரண்டும் ஒரே டேக்கில் ஓவர்லாப்பாக இருந்தால், காற்று வரும் பக்கத்தில் இருக்கும் படகு விலக வேண்டும். ஒரே டேக்கில் ஓவர்லாப் இல்லையென்றால்தான் நீங்கள் சொல்கிற கணக்கு, பின்னால் வருகிறவன் ஒதுங்க வேண்டும். இவை விதி 10, 11, 12. ஆனால் வழி உரிமை இருக்கிறது என்பதற்காக இடித்துவிட்டுப் போக முடியாது. விதி 14 எல்லாப் படகுக்கும் பொது: நியாயமாக முடிந்தால் மோதலைத் தவிர்க்க வேண்டும்.

தர்மபுரி, ஒரு அப்பா: இதைத்தான் கேட்க வந்தேன் சார். என் மகள் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகு ஓட்டுகிறாள். வெளியூர் ஏரிப் பந்தயம் ஒன்றில் அவள் ஸ்டார்போர்டு. போர்ட்டில் வந்த பையன் ஒதுங்கவே இல்லை. இவள் இரண்டு முறை கத்தினாள். இடித்து அவன் படகில் ஓட்டை. நடுவர்கள் இரண்டு பேரையும் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். வழி அவளுடையது என்றால் இது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கோபம் புரிகிறது. நான் விசாரிக்காத வழக்கில் தீர்ப்பு சொல்ல மாட்டேன், அந்தப் பையன் தரப்பு இங்கே இல்லை. விதி சொல்வதை மட்டும் சொல்கிறேன். வழி உரிமை உள்ள படகு, எதிராளி விலகப் போவதில்லை என்று தெளிவாகும் வரை எதுவும் செய்ய வேண்டியதில்லை. தெளிவான பிறகு, முடிந்தால் தவிர்க்க வேண்டும். தவிர்க்காமல் மோதியும் சேதமோ காயமோ இல்லையென்றால் அவளுக்குத் தண்டனை இல்லை. சேதம் இருந்தால் உண்டு. உங்கள் வழக்கில் ஓட்டை விழுந்திருக்கிறது. அதனால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தெளிவான நொடிக்கும் மோதிய நொடிக்கும் நடுவில் அவளால் என்ன செய்ய முடிந்திருக்கும்?

ஓசூர் ஐடி ஊழியர் மறுபடி: அப்படியானால் உரிமை என்று எதற்குச் சொல்கிறீர்கள்? தப்பு செய்தவனும் அவுட், சரியாகப் போனவளும் அவுட். முரட்டுத்தனமாக வருகிறவனுக்கு இது வசதி.

வசதி இல்லை, அவனும் தகுதி நீக்கம்தானே ஆகிறான். அவளுடைய உரிமையை யாரும் பறிக்கவில்லை. அவள் ஒதுங்கிப் போய் எதிர்ப்பு மனு கொடுத்திருந்தால், அவன் அவளை ஒதுங்க வைத்ததே போர்ட் படகு விதியை மீறியதற்கு ஆதாரம். மோதல் தேவையே இல்லை. ஆப்டிமிஸ்ட் ஓட்டுவது 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், படகின் நீளமே 2.3 மீட்டர். அதில் தலைக்கு மேல் பூம், அதாவது பாயின் அடியைத் தாங்கும் கட்டை, வீசிக்கொண்டிருக்கும். உரிமை இருக்கிறவள் இடிக்கலாம் என்று விட்டால் பந்தயம் முடிந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கும். இந்த விதி சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பழையபேட்டை லாரிக்காரர்: ஆனால் அந்தக் குழந்தைக்கு நேரம் இருந்ததா என்று அறைக்குள் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த வேலையின் உயிரே இதுதான், நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். மேசையில் கையளவு பொம்மைப் படகுகள் இருக்கும். மோதிய இடத்தில் இரண்டையும் வைக்கச் சொல்வோம். பிறகு பத்து வினாடி பின்னோக்கி நகர்த்தச் சொல்வோம். லேசர் என்ற ஒற்றை ஆள் படகு சுமார் 4.2 மீட்டர் நீளம். நான்கு நாட் வேகம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர், ஆக ஒரு படகு நீளத்தைக் கடக்க இரண்டு வினாடி. ‘மோதிய இடத்துக்கு மூன்று நீளம் தள்ளி இருக்கும்போதே கத்தினேன்’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஆறு வினாடி இருந்தது என்று அவரே சொல்லிவிட்டார். ‘கத்தினதும் உடனே இடித்துவிட்டது’ என்று அடுத்த வாக்கியத்தில் வந்தால் இரண்டில் ஒன்று தவறு. யாரும் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை, பயத்தில் மனித மனதுக்கு நேரம் சுருங்கிவிடும். இரு தரப்பும் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கலாம். சாட்சி தன் முறை வரும் வரை வெளியில்தான் இருக்க வேண்டும். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்து நடந்ததை முதலில் எழுதுவோம், அதன் பிறகுதான் விதி. விதியை மனதில் வைத்துக்கொண்டு நடந்ததைத் தேடுகிற நடுவர் ஆபத்தானவர்.

சூளகிரி: என் பையனும் பந்தயத்தில் ஓடுகிறான். நான் நடுவராக இருக்கலாமா?

அவன் இருக்கும் பந்தயத்தில் வேண்டாம். உங்களுக்குச் சம்பந்தம் இருந்தால் தெரிந்தவுடனே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், விசாரணையில் உட்காரக் கூடாது.

பர்கூர்: மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லவில்லையே?

சொல்லிவிட்டேன். பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஊத்தங்கரை மாணவர்: தண்ணீரில் நின்று கண்காணிப்பதாகச் சொன்னீர்களே, அது என்ன அண்ணா?

படகைக் காற்றுதான் தள்ள வேண்டும், உடம்பு தள்ளக் கூடாது. இது விதி 42. பாயை விசிறி மாதிரி திரும்பத் திரும்ப இழுத்து விடுவது, படகைத் தொட்டிலாட்டுவது போல ஆட்டுவது எல்லாம் தடை. நாங்கள் மோட்டார் படகில் பின்தொடர்வோம். கையில் விசில், மஞ்சள் கொடி, சட்டையில் குத்திய ரெக்கார்டர். பார்ப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்: பாய் எண், காற்று, அலை, எத்தனை முறை இழுத்தான் என்று. மீறல் என்று உறுதியானால் விசில், அவனை நோக்கிக் கொடி, பாய் எண்ணைச் சத்தமாகச் சொல்வது. முதல் முறை என்றால் அவன் அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சிறு அலையில் படகு தானாக ஆடியதா, ஆட்டினானா என்று பிரித்தறிய, நீயே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஓசூர்காரரிடம் படகு ஓட்டுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

அரூர்: எனக்கு ஆங்கிலம் தகராறு. பரவாயில்லையா?

கிளப் அளவில் சமாளிக்கலாம். சர்வதேசத் தேர்வுக்கும் விசாரணைக்கும் ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். விதிப் புத்தகம் மெல்லியதுதான், தினமும் ஒரு வரையறை என்று அகராதியோடு உட்காருங்கள்.

மத்தூர்: ஆன்லைனில் சான்றிதழ் தருகிறார்களாமே, ஒன்பதாயிரம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். மேலே எழுதியதைப் படிக்காமல் கேட்கிறீர்கள். பணத்தைப் பத்திரமாக வைத்து, பெங்களூரிலோ சென்னையிலோ படகு கற்றுக்கொள்ளச் செலவழியுங்கள். சென்னையில் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இருக்கிறது.

அதே தர்மபுரி அப்பா: சார், தீர்ப்பு சொல்லி நான்கு நாள் ஆகிறது. மகளிடம் கேட்டேன். அவளுக்கு இடது பக்கம் இன்னொரு படகு ஒட்டி வந்ததாம், அந்தப் பக்கம் திரும்ப இடமே இல்லையாம். விசாரணையில் இதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! திரும்ப இடமில்லை என்பது இந்த வழக்கில் முக்கியமான தகவல். ஆனால் காற்று வரும் பக்கமாகத் திரும்பியிருக்க முடியுமா, பாயைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்திருக்க முடியுமா என்பதையும் அவளிடம் கேளுங்கள். நடுவர்கள் அதைக் கேட்பார்கள்.

தீர்ப்பு சொன்ன ஏழு நாளுக்குள் எழுத்தில் கேட்டால், நடுவர் குழு தீர்ப்பை எழுதித் தர வேண்டும். உங்களுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்து கைக்கு வந்தால் 15 நாளுக்குள் தேசியச் சங்கத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஒன்றை மனதில் வையுங்கள், குழு கண்டறிந்த உண்மைகளை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது, விதியைப் பொருத்திய விதமும் விசாரணை நடத்திய முறையும்தான் கேள்விக்கு உட்பட்டவை. சர்வதேச ஜூரி, அதாவது பல நாட்டு நடுவர் குழு, உட்கார்ந்த பந்தயமாக இருந்தால் மேல்முறையீடே இல்லை, அதைப் பந்தய அறிவிப்பில் பாருங்கள். எழுதிய தீர்ப்பு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். கண்டறிந்த உண்மைகளில் அந்த இடது பக்கப் படகு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.