இலங்கையின் மூதூரில் உயர்தரம் உயிரியல் படித்தவர் தாதியர் துறைக்குப் போகலாமா? வேலை கிடைக்குமா?

தாராளமாகப் போகலாம். அரச தாதியர் கல்லூரியில் மூன்று ஆண்டுப் பயிற்சி. காசு கட்டத் தேவையில்லை, மாதக் கொடுப்பனவும் தருவார்கள், முடித்ததும் அரச நியமனம். ஆனால் சுகாதார அமைச்சின் அறிவித்தல் ஒழுங்காக வருவதில்லை. ஆகவே வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள். மட்டக்களப்பு, வவுனியா, யாழ்ப்பாணத்தில் கல்லூரிகள் உண்டு. இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) போதுமென்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுத் தாதியர் பட்டத்தை விண்ணப்பத்தில் முதலில் போடுங்கள். வெளிநாடு போக அது பெரிய பலம். பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான்; இப்போதே பழகத் தொடங்குங்கள்.

நகரில் காசு வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் "நர்சிங்" சான்றிதழ் தரும் இடங்களில் கவனம். அதை வைத்து உதவியாளராகலாம், பதிவுபெற்ற தாதியாக முடியாது. சேர முன்னர் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

வளைகுடா, பிரித்தானியா எல்லாம் பதிவும் அனுபவமும் வந்த பிறகு யோசிக்கலாம். எனக்கென்றால் நீங்கள் இங்கேயே சில காலம் வேலை செய்ய வேண்டுமென்று ஆசை. வெருகலில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "விறைக்குது பிள்ளை, கை வழியா இறங்குது" என்கிறார். கட்டிலருகில் நிற்கும் மிஸ்ஸிக்கு (தாதிக்கு) தமிழ் தெரியாவிட்டால், மொழிபெயர்க்க ஆள் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.