நிலக்கரியில் தொடங்கிய கூட்டு: ஐரோப்பிய ஒப்பந்தங்கள் பற்றி நீங்கள் கேட்டவை

ஐரோப்பிய ஒப்பந்தங்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டீர்கள்! ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாக்கியிருக்கிறேன். "ஐரோப்பிய ஒன்றியம் உடையுமா?" என்று கேட்ட மூவருக்கும்: ஜோசியம் எனக்கு வராது.

கேள்வி: ஐயா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எல்லாப் புத்தகத்திலும் "1951, பாரிஸ் ஒப்பந்தம், நிலக்கரி, எஃகு" என்று ஒரே வரிதான். அவ்வளவு பெரிய போருக்குப் பிறகு, போயும் போயும் நிலக்கரியிலா தொடங்கினார்கள்?

பதில்: பீரங்கிக்கு எஃகு வேண்டும், எஃகு உருக்கக் கரி வேண்டும். அவ்வளவுதான் அம்மா. கரி ஜெர்மனியின் ரூர் பகுதியில் இருந்தது, இரும்புத்தாது பிரான்சின் லொரேனில். 1870 முதல் 1945 வரை இந்த இரண்டு நாடுகளும் மூன்று போர் நடத்தின. அல்சாசும் லொரேனில் ஒரு துண்டும் அந்தக் காலத்துக்குள் நான்கு முறை கைமாறின. பேரன் பிறக்கும்போது எந்த நாடாக இருக்கும் என்று தாத்தாவால் சொல்ல முடியாத ஊர்கள் அவை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரான்சுக்கு வந்தது பழைய யோசனைதான்: ஜெர்மனியைத் தலைதூக்க விடாதே, ரூரைக் கையில் பிடி. அதற்கென்றே 1949இல் ஒரு பன்னாட்டுக் கண்காணிப்பு அமைப்பும் வைத்தார்கள். ஆனால் பனிப்போர் முற்ற முற்ற, அமெரிக்காவுக்கு மேற்கு ஜெர்மனி மறுபடி எழுந்து நிற்க வேண்டியிருந்தது. பிடி நழுவப் போகிறது என்பது பாரிசுக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் பிரான்சின் திட்டக் குழுவுக்குத் தலைவராக இருந்த ழான் மொனே வேறு ஒரு கணக்குப் போட்டார். "உன் கரியை நான் கண்காணிப்பேன்" என்பதை விட்டுவிட்டு, "உன் கரி, என் கரி இரண்டையும் பொதுவான ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். ஜெர்மனிக்கு அதில் மரியாதை கிடைத்தது. பிரான்சுக்கு நிம்மதி கிடைத்தது.

வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமன் 1950 மே 9 அன்று மாலை இதை அறிவித்தார். ஜெர்மன் தலைவர் அடினாவருக்கு அன்று காலைதான் ஆள் வழியாகக் கடிதம் போயிருந்தது. பிரிட்டனை முன்கூட்டிக் கலந்துகொள்ளவே இல்லை; அந்தக் கோபம் அங்கே வெகுநாள் இருந்தது. 1951 ஏப்ரல் 18 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் கையெழுத்திட்டன.

தேர்வில் வராது என்றாலும் ஒன்றைச் சொல்ல ஆசை. ஷூமன் பிறந்தது லக்சம்பர்க்கில், ஜெர்மன் குடிமகனாக. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் பிரெஞ்சுக்காரர் ஆனார். இத்தாலியின் அன்றைய பிரதமர் தே காஸ்பரி ஆஸ்திரியப் பேரரசுக்குள் பிறந்து வியன்னா நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். அடினாவர் ரைன் கரையில் கொலோன் மேயராக இருந்தவர். மூவரும் தங்களுக்குள் ஜெர்மன் மொழியிலேயே பேசிக்கொள்ள முடிந்தது. எல்லை ஓரத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் எல்லையின் வலி தெரியும்போல.

கேள்வி: சார், ஒப்பந்தம் போடுவது பெரிய விஷயமா? எத்தனையோ போட்டுக் கிழித்திருக்கிறார்களே. இதில் மட்டும் என்ன புதுசு?

பதில்: நீங்கள் சொல்வது நியாயம். போர் சட்டவிரோதம் என்றே 1928இல் ஒப்பந்தம் போட்டார்கள். பதினொரு வருஷத்தில் என்ன ஆனது என்று தெரியும். அதில் கையெழுத்து இருந்தது, மீறினால் கேட்க ஆள் இல்லை. 1951இல் அந்த ஆளை நியமித்தார்கள். லக்சம்பர்க்கில் ஒன்பது பேர் கொண்ட உயர் அதிகார அமைப்பு, தலைவர் மொனே. உறுப்பினர்கள் தங்கள் நாட்டிடமிருந்து உத்தரவு வாங்கக் கூடாது. கரி, எஃகு உற்பத்தியின் மீது அந்த அமைப்பே நேரடியாகத் தீர்வை விதிக்கலாம், அதாவது கைச்செலவுக்கு எந்த அரசிடமும் போய் நிற்க வேண்டாம். விதியை மீறும் நிறுவனத்துக்கு அபராதம் போடலாம். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிமன்றம். இந்த நாலும்தான் புதுசு.

எல்லாம் நன்றாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். கரிக்கு 1953 பிப்ரவரியிலும் எஃகுக்கு மே மாதத்திலும் பொதுச் சந்தை திறந்தது. நஷ்டத்தில் ஓடிய பெல்ஜியச் சுரங்கங்களைத் தாங்க ஜெர்மன், டச்சுச் சுரங்கங்கள் பணம் கட்டின. போன வாரம் வரை பகையாளி, இந்த வாரம் அவன் சுரங்கத்துக்கு நம் பணம்! ஆனாலும் அந்தச் சுரங்கங்களின் நிலைமை மாறவில்லை. 1956 ஆகஸ்டில் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் செத்தார்கள். அதில் 136 பேர் இத்தாலியத் தொழிலாளர்கள். இத்தாலி தொழிலாளர்களை அனுப்பும், பெல்ஜியம் கரி அனுப்பும் என்று 1946இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டில் போனவர்களின் கூட்டம் அது. சுரங்கப் பாதுகாப்புக்கென்று ஆறு நாடுகளுக்கும் பொதுவான அமைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

1959இல் கரி தேங்கி மலைபோல் குவிந்தபோது, நெருக்கடி நிலையை அறிவித்து உற்பத்தியைக் குறைக்க உயர் அதிகார அமைப்பு அனுமதி கேட்டது. அரசுகள் மறுத்துவிட்டன. பெயரில் இருந்த உயரம் அன்றைக்கு அளந்து பார்க்கப்பட்டது.

கேள்வி: ரோம் ஒப்பந்தத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. புருடாதானே?

பதில்: வாட்ஸ்அப்பில் வந்தும் உண்மை! 1957 மார்ச் 25 அன்று அச்சு வேலை முடியவில்லை. முதல் பக்கமும் கையெழுத்துப் பக்கமும் இருந்தன, நடுவில் வெள்ளைத் தாள். அப்படித்தான் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறந்தது. பாரிஸ் ஒப்பந்தத்தின் பிரதி இதற்கு நேர்மாறு: பிரெஞ்சு அச்சு, டச்சுத் தாள், ஜெர்மன் மை, பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் தந்த பைண்டிங், இத்தாலியப் பட்டு நாடா. கல்யாணச் சீர் மாதிரி.

கேள்வி: அண்ணை, நான் சுவிசில இருக்கிறன். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லை. பிறகு எப்பிடி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் பாஸ்போர்ட் காட்டாமல் போய் வாறம்? ஆனா திரும்பி வரேக்க இறைச்சிக்கு மட்டும் மறிக்கிறாங்கள்!

பதில்: தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. அங்கே இரண்டு வேலி. ஒன்று ஆளுக்கு, இன்னொன்று சரக்குக்கு.

ஆளுக்கான வேலியை எடுத்தது ஷெங்கன் ஒப்பந்தம். 1985 ஜூன் 14 அன்று, மொசெல் ஆற்றில் 'பிரின்செஸ் மாரி-அஸ்த்ரீத்' என்ற கப்பலில் கையெழுத்தானது. ஷெங்கன் லக்சம்பர்க்கில் ஒரு சின்ன கிராமம். பிரான்ஸ், ஜெர்மனி எல்லைகள் அங்கே வந்து சேர்கின்றன. அப்போது ஐரோப்பியச் சமூகத்தில் பத்து நாடுகள், ஆனால் ஐந்துதான் சம்மதித்தன. மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் அந்த ஐந்தும் சமூகத்துக்கு வெளியே தனியாகப் போட்டுக்கொண்டன. சோதனை நிஜமாகவே நின்றது 1995 மார்ச்சில்தான், பத்து வருஷம் கழித்து. சுவிஸ் 2008 டிசம்பரில் சேர்ந்தது.

சரக்குக்கான வேலி, அதாவது சுங்க ஒன்றியம், வேறு. சுவிஸ் அதில் இல்லை. அதனால்தான் ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறைச்சி கொண்டுவந்தால் சுங்கம் கட்டச் சொல்கிறார்கள். ஆட்டிறைச்சியைக் காரில் இருக்கிற எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கணக்குச் சொல்லுங்கள், வேறு வழியில்லை.

கேள்வி: ஐரோப்பிய கவுன்சில், ஐரோப்பாவின் கவுன்சில், ஒன்றியத்தின் கவுன்சில். மூன்றும் ஒன்றா? தலை சுற்றுகிறது.

பதில்: உங்களுக்கு மட்டுமல்ல, செய்தியாளர்களுக்கும் சுற்றும். ஒன்றியத்து நாடுகளின் தலைவர்கள் கூடுவது ஐரோப்பிய கவுன்சில். அமைச்சர்கள் கூடிச் சட்டத்துக்கு வாக்களிப்பது ஒன்றியத்தின் கவுன்சில். இரண்டும் ஒன்றியத்துக்குள். ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிற ஐரோப்பாவின் கவுன்சில் ஒன்றியமே அல்ல. 1949இல் பத்து நாடுகள் தொடங்கியது, இன்று 46. துருக்கி உண்டு, பிரிட்டன் இன்னும் உண்டு. ரஷ்யாவை 2022 மார்ச்சில் நீக்கினார்கள். நீலக் கொடியில் பன்னிரண்டு நட்சத்திரம் பார்க்கிறீர்களே, அது 1955இல் ஸ்ட்ராஸ்பர்க்காரர்கள் ஏற்றுக்கொண்ட கொடி. மற்றவர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். குழப்பத்துக்குக் கொடியும் உடந்தை. பன்னிரண்டு என்பது நாடுகளின் எண்ணிக்கை அல்ல, எப்போதுமே.

கேள்வி: அண்ணா, அந்த ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்துக்கு இலங்கைத் தமிழர் வழக்குகள் போனதாகச் சொல்கிறார்கள். சாதாரண ஆள் போக முடியுமா?

பதில்: முடியும் தங்கச்சி, அதுதான் அதன் சிறப்பே. 1950 நவம்பரில் ரோமில் கையெழுத்தான மனித உரிமை உடன்படிக்கை, ஓர் அரசின் மீது குடிமகன் மட்டுமல்ல, அங்கே வந்து நிற்கிற அயல்நாட்டு அகதியும் வழக்குத் தொடுக்க இடம் தருகிறது.

இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரிட்டன் 1988இல் திருப்பி அனுப்பிய ஐந்து தமிழர்களின் வழக்கு, வில்வராஜா முதலானோர் வழக்கு என்பார்கள். 1991 அக்டோபரில் நீதிமன்றம் பிரிட்டன் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுவான ஆபத்து போதாது, உங்களுக்கென்று தனி ஆபத்து இருக்க வேண்டும் என்றது. பிறகு 2008 ஜூலையில், பெயரை மறைத்து 'என்.ஏ.' என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒரு தமிழர் பிரிட்டனுக்கு எதிராக வென்றார். தமிழர் எல்லாருக்கும் ஆபத்து என்று நீதிமன்றம் அப்போதும் சொல்லவில்லை. முன்பு கைதான பதிவு, உடலில் தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறிதாகத் தெரிவதைச் சேர்த்து எடை போட வேண்டும் என்றது. அந்தச் "சேர்த்து" என்ற சொல்லுக்காகப் பலர் நன்றி சொல்ல வேண்டும்.

நடைமுறைக்கு: முதலில் உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்திருக்க வேண்டும். கடைசித் தீர்ப்பிலிருந்து நான்கு மாதம்தான் கெடு. முன்பு ஆறாக இருந்தது, 2022இல் குறைத்துவிட்டார்கள். பழைய வழக்கு எழுதிய காகிதத்தை நம்பித் தேதியைத் தவறவிடாதீர்கள், நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு நாடு 'மாட்டேன்' என்று முரண்டு பிடித்தால்?

பதில்: பிடித்திருக்கிறார்கள், பிரமாதமாக. 1965 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் டி கோல் பொருளாதாரச் சமூகத்திலிருந்து தன் நாட்டுப் பிரதிநிதியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஏழு மாதம் நாற்காலி காலி. வேளாண்மைக்குப் பணம் ஒதுக்குவதில் தகராறு; பெரும்பான்மை வாக்கு முறை வரப்போகிறதே என்ற கசப்பு உள்ளே. டிசம்பரில் அதிபர் தேர்தல். முதல் சுற்றிலேயே ஜெயிப்பார் என்று நினைத்தவரை இரண்டாம் சுற்றுக்கு இழுத்துவிட்டார்கள். மானியத்துக்குப் பங்கம் வந்த விவசாயிகளின் கோபம் அதில் ஒரு காரணம். ஜனவரியில் லக்சம்பர்க்கில் சமரசம்: மிக முக்கியம் என்று ஒரு நாடு சொன்னால் ஒத்துவரும்வரை பேசலாம் என்று பிரான்ஸ் சொன்னது, பேசியும் முடியாவிட்டால் என்ன என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து எழுதிவைத்தார்கள். கருத்து வேறுபாட்டையே ஒப்பந்தமாக எழுதியவர்கள்!

இன்று பெரும்பாலான சட்டங்களுக்கு 27இல் 15 நாடுகளும், மக்கள்தொகையில் 65 சதவீதமும் வேண்டும். வரி, வெளியுறவு, புது நாட்டைச் சேர்ப்பது போன்றவற்றில் இன்னும் ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும்.

கேள்வி: பெரிய கனவுகள் எதுவும் தோற்கவில்லையா?

பதில்: பெரியவைதான் தோற்றன. ஒரே படை என்ற ஒப்பந்தத்தை பிரெஞ்சு நாடாளுமன்றமே 1954 ஆகஸ்ட் 30 அன்று கவிழ்த்தது. யோசனை பிரான்சுடையது என்பதுதான் வேடிக்கை. அரசியலமைப்பு என்ற பெரிய பெயரோடு வந்ததை 2005இல் பிரான்சும் நெதர்லாந்தும் வாக்கெடுப்பில் நிராகரித்தன. அதே சரக்கில் பெரும்பகுதி பெயரை இறக்கிவைத்து லிஸ்பன் ஒப்பந்தமாக 2009இல் அமலுக்கு வந்தது. எனக்கு அது அவ்வளவு நேர்மையாகப் படவில்லை. ஆனால் கரி, கோதுமை, சுங்கம், கடவுச்சீட்டு என்று கைக்கு அடங்கியவற்றைப் பிடித்தபோதெல்லாம் காரியம் நடந்தது.

கேள்வி: கடைசியாக, அந்த முதல் நிலக்கரி ஒப்பந்தம் இன்னும் இருக்கிறதா?

பதில்: இல்லை. ஐம்பது வருஷத்துக்கு என்றே எழுதியிருந்தார்கள். 2002 ஜூலை 23 அன்று காலாவதியானது. மிச்சமிருந்த பணம் கரி, எஃகு ஆராய்ச்சி நிதிக்குப் போனது. பிரான்சின் கடைசிக் கரிச் சுரங்கம் 2004 ஏப்ரலில் மூடியது, அதுவும் லொரேனில். ரூரின் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பொட்ரோப் ஊரில். மேலே வந்த தொழிலாளர்கள் கடைசிக் கரித்துண்டை ஜெர்மன் அதிபர் கையில் கொடுத்தார்கள்.