பெரும் பாண்டா கரடிதானா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பாண்டா, அமெரிக்காவின் சிறு விலங்கான ரக்கூனின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பழைய நூல் ஒன்றில் படித்தேன். கரடி என்றும் சொல்கிறார்களே, எது சரி?

பதில்: கரடி என்பதே சரி. ஆனால் நீங்கள் படித்ததும் அறிஞர்கள் பலர் நெடுங்காலம் ஏற்றிருந்த கருத்துதான். 1869இல் சீனாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் தாவீது, இதைக் கரடியாகவே விவரித்தார். அடுத்த ஆண்டே அதன் எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்த பிரெஞ்சு விலங்கியலாளர் அல்போன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ், அவை ரக்கூனின் உறவாகக் கருதப்பட்ட சிறு விலங்கான சிவப்புப் பாண்டாவை ஒத்திருக்கக் கண்டு, 'ஐலுரோபோடா' என்னும் தனிப் பேரினத்தில் வைத்தார். பூனைப் பாதம் உடையது என்பது அதன் பொருள். அன்று தொடங்கிய வழக்கு நூறாண்டுக்கு மேல் ஓடியது. உயிரணுக்களில் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களின் எண்ணிக்கையும் குழப்பத்தைக் கூட்டியது. பெரும்பாலான கரடிகளுக்கு 74, பாண்டாவுக்கோ 42. 1985இல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டீபன் ஓபிரையன் குழுவினர், சாயமேற்றும்போது குரோமோசோம்களில் தெரியும் பட்டைகளை ஒப்பிட்டு, கரடிகளில் தனித்தனியாக உள்ள குரோமோசோம்கள் பாண்டாவில் இணைந்து கிடப்பதைக் காட்டினர். எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் அவ்விணைப்பே. அந்த விளக்கத்தை அறிவியலின் அழகான துப்பறிதல்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் சிவப்புப் பாண்டாவும் கரடியா?

பதில்: இல்லை, அது 'ஐலுரிடே' என்னும் தனிக் குடும்பம். பாண்டா என்ற பெயர் முதலில் அதற்கே உரியதாக இருந்தது.

கேள்வி: மூங்கிலையே தின்று வாழும் விலங்கை ஊனுண்ணி வரிசையில் வைப்பது முறைதானா?

பதில்: முறைதான். அவ்வரிசையின் பெயர் மரபுவழியைக் குறிக்கிறது. அதிலுள்ள ஒவ்வோர் உயிரும் இறைச்சி உண்ண வேண்டும் என்பதில்லை. பாண்டாவின் குடலைப் பார்த்தாலே அந்த மரபு விளங்கும். தழையுண்ணிகளுக்குரிய நீண்ட குடலோ பல அறை வயிறோ இன்றி, ஊனுண்ணியின் குட்டையான குடலே அதற்கு இருப்பதால், உண்ணும் மூங்கிலில் ஏறத்தாழ 17 விழுக்காடுதான் செரிக்கிறது. ஆகவே நாளின் பாதிக்கு மேல் தின்றுகொண்டே இருந்து, 12 கிலோவுக்குக் குறையாமல் உண்ண வேண்டியிருக்கிறது. குளிர்கால உறக்கத்துக்குத் தேவையான கொழுப்பைச் சேர்க்கவும் இவ்வுணவு இடங்கொடுப்பதில்லை. இறைச்சியின் சுவையை உணர உதவும் மரபணு ஒன்று பாண்டாவில் செயலிழந்திருப்பதை, 2010இல் வெளியான மரபணுத் தொகுப்பு ஆய்வு காட்டியது.

கேள்வி: அதற்கு ஆறு விரல்கள் உண்டு என்பது உண்மையா?

பதில்: விரல்கள் ஐந்துதான். ஆறாவதாகத் தெரிவது, மணிக்கட்டில் உள்ள சிறு எலும்பொன்று பெருத்து நீண்டு கட்டைவிரல்போல் ஆனது. மூங்கில் தண்டை அந்த எலும்புக்கும் விரல்களுக்கும் இடையே இறுக்கிப் பிடித்தே பாண்டா கடிக்கிறது. சிவப்புப் பாண்டாவிடமும் இத்தகைய போலிக் கட்டைவிரல் உண்டு. இரண்டிலும் அது தனித்தனியே தோன்றியது என்பதை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை. இவ்விரு விலங்குகளையும் நெருங்கிய உறவினராகக் கருதியதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

கேள்வி: இவ்வளவு பெரிய விலங்கின் குட்டி மிகச் சிறியதாக இருப்பது ஏன்?

பதில்: பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம், அதாவது தாயின் எடையில் ஏறத்தாழ 900இல் ஒரு பங்கு. கருவுற்றதும் கரு உடனே கருப்பையில் பதிவதில்லை. பல வாரங்கள், சில வேளை மாதக்கணக்கில் மிதந்திருந்து பின்னரே பதிவதால், உள்ளே வளரக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. கண் திறவாத அந்தக் குட்டியைத் தாய் முதல் சில நாட்கள் உணவைக்கூட மறந்து மார்போடு அணைத்தபடியே இருக்கிறது.