எடுத்தது ஆயிரம், கதையைக் காணோம்!

கேள்வி: ஊர் சுற்றிவிட்டு வந்தால் போன் நிறையப் படங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகுதான். யாரிடமாவது காட்டினால் பத்துப் படம் தாண்டுவதற்குள் கொட்டாவி விடுகிறார்கள். எங்கே சறுக்குகிறது?

பதில்: கொட்டாவி விடுபவர்களைக் கோபிக்காதீர்கள், அவர்கள் நேர்மையானவர்கள். நீங்கள் காட்டுவது போய்வந்த இடங்களின் பட்டியல். பட்டியலைப் பார்த்து 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வைக்க வேண்டுமானால் ஓர் ஆள், ஒரு தொழில், ஒரு படகு என்று ஏதாவது ஒன்றின் பின்னாலேயே போக வேண்டும்.

1948இல் யூஜீன் ஸ்மித் என்ற புகைப்படக்காரர் 'லைஃப்' இதழுக்காக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிரெம்லிங் என்ற சிற்றூருக்குப் போனார். மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் அங்கே பஞ்சமில்லை. அவரோ அந்த வட்டாரத்துக்கே ஒற்றை டாக்டரான எர்னஸ்ட் சிரியானியின் பின்னால் வாரக்கணக்கில் அலைந்தார். ஒரு படத்தில் டாக்டர் கையில் பையோடு புதர் மண்டிய வெளியில் நடந்து வருகிறார், மேலே கனத்த மேகம். இன்னொன்றில் குதிரை உதைத்து அடிபட்ட சின்னக் குழந்தை; அதற்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரின் முகம் முழுக்கக் கவலை. வேறொன்றில், பின்னிரவு வரை நீண்ட அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிச் சமையலறையில் சாய்ந்து நிற்கிறார். கையில் காபி, சிகரெட். பார்வை எங்கேயோ.

முதல் படம் தள்ளி நின்று இடத்தைச் சொல்கிறது. அடுத்தது கிட்டே போய் வேலையைச் சொல்கிறது. சமையலறைப் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, ஆனால் மற்ற எல்லாப் படங்களையும் தாங்குவது அதுதான். நம்மில் பெரும்பாலோர் எடுக்காமல் விடுவதும் அதைத்தான். கடற்கரையில் மீனவர் வலை இழுக்கும்வரை க்ளிக் க்ளிக் என்று எடுத்துத் தள்ளுவோம். இழுத்து முடித்தவர் மணலில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்க்கும்போது கேமரா பைக்குள் போயிருக்கும்.

அடுத்தது கழிக்கிற வேலை. நான் படங்களைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பிவிடுவேன். என் மனைவி வந்து, "இது சொன்னதைத்தானே அதுவும் சொல்லுது?" என்று ஒன்றைக் கால்விரலால் ஒதுக்குவாள். எனக்கு உயிரான சூரிய அஸ்தமனங்கள் எத்தனையோ அந்தக் கால்விரலுக்குப் பலியாகியிருக்கின்றன. வாதாடிப் பார்த்துவிட்டேன், பிரயோஜனமில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஈவிரக்கமில்லாத ஒருவர் இருப்பார், பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழியில் பார்க்கும் மனிதர்களை எடுக்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் விறைப்பாக போஸ் கொடுக்கிறார்கள், கேட்காமல் எடுத்தால் திருட்டுத்தனமாகத் தோன்றுகிறது.

பதில்: கேட்டுவிட்டே எடுங்கள். விறைப்பான அந்த முதல் படத்தையும் எடுத்து அவரிடமே காட்டுங்கள், சிரிப்பார். அதோடு கிளம்பிவிடாமல் அங்கேயே இருங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார், நீங்கள் வந்த காரியம் அப்போதுதான் ஆரம்பம். வேண்டாம் என்று தலையாட்டினால் விட்டுவிடுங்கள், கெஞ்சக் கூடாது.

பெயரைக் கேட்க மறக்காதீர்கள். ஸ்டீவ் மெக்கரி 1984இல் பெஷாவர் பக்கம் ஓர் அகதி முகாமில் எடுத்த பச்சைக் கண் சிறுமியின் படம், அடுத்த ஆண்டு 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அட்டையில் வந்தது. உலகமே பார்த்த முகம். அவர் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. அத்தனை வருடமும் அவர் வெறும் 'ஆப்கன் பெண்'. பெயரும், அவர் சொன்ன ஒரு வாக்கியமும் போனில் குறித்துவைத்திருந்தால் படத்துக்குக் கீழே எழுத வேறெங்கும் தேட வேண்டாம்.

கேள்வி: படத்தில் குறுக்கே வரும் மின்கம்பியை அழிப்பது, வெளிறிய வானத்தை மாற்றுவதெல்லாம் தப்பா?

பதில்: சுவரில் மாட்டும் அழகுப் படம் என்றால் உங்கள் இஷ்டம். 'நான் பார்த்த ஊர்' என்று காட்டுவதாக இருந்தால் கம்பி இருக்கட்டும், அதுவும் அந்த ஊர்தானே! வெளிச்சம், நிறம், கோணல் இவற்றைச் சரிசெய்வதோடு நான் நிறுத்திக்கொள்வேன். 1982 பிப்ரவரியில் இதே 'நேஷனல் ஜியாகிரஃபிக்' அட்டைக்காக ஒரு கிடைமட்டப் படத்தை நெட்டுக்குத்தாக்கப் பார்த்தார்கள். அதற்குள் அடங்கவில்லையென்று கீஸா பிரமிடுகளையே கணினியில் நெருக்கிவைத்தார்கள். நாலாயிரம் வருடம் அசையாமல் நின்றவை! வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: போன் போதுமா, நல்ல கேமரா வாங்கிவிடட்டுமா?

பதில்: இரவிலும், தூரத்துப் பறவைக்கும் கேமரா ஜெயிக்கும். மற்றபடி போன் போதும். விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள், பெரும்பாலும் அது படத்தை வெட்டித்தான் பெரிதாக்குகிறது. நாலடி முன்னால் நடங்கள். அதற்குமுன் லென்ஸைச் சட்டையில் ஒரு தடவை துடையுங்கள். 'மங்கலாக இருக்கிறது' என்று எனக்கு வரும் படங்களில் பாதி விரல் ரேகைதான்.