இடைவேளை இல்லாத ஆட்டம்

கேள்வி: ஈரோட்டில் வீடுகளுக்கு ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிறேன். ஆறு சேல்ஸ் பையன்கள், நாலு டெக்னீஷியன்கள், ஆபீஸில் இரண்டு பேர். மாத டார்கெட் 90. மூன்று மாதமாக 60-ஐத் தாண்டவில்லை. மாதக் கடைசியில் இரண்டு மணி நேரம் மீட்டிங் போட்டுக் கத்துகிறேன். அப்படியும் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதுதான் மிச்சம். நான் இங்கிலாந்து கால்பந்து ரசிகன். தோற்றுக்கொண்டிருக்கும் அணியை இடைவேளையில் பேசியே தூக்கி நிறுத்துகிறார்களே, அப்படி என்னதான் பேசுகிறார்கள்? என் ஆட்களிடம் அதை எப்படிச் செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் பேசுவது இடைவேளையில் இல்லையே! 30-ஆம் தேதி என்பது விசில் ஊதியாகிவிட்ட நேரம். அதன்பிறகு எவ்வளவு கத்தினாலும் அந்த மாதத்தின் ஸ்கோர் அப்படியேதான் இருக்கும். முதல் வேலையாக, மீட்டிங்கை மாதத்தின் நடுவுக்கு மாற்றுங்கள். 26 வேலை நாள் என்றால் 13-ஆவது நாள்.

அடுத்து, பேச்சைப் பற்றிய உங்கள் எண்ணம். 2005 மே 25, இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் நிமிடத்திலேயே மால்டீனி, இடைவேளை நெருங்கும்போது கிரெஸ்போ இரண்டு. மிலானுக்கு எதிராக லிவர்பூல் 0-3. அதன்பின் நடந்ததை வீர உரையின் விளைவாகச் சொல்வது ரசிகர்களுக்குப் பிடிக்கும். லிவர்பூல் பயிற்சியாளர் பெனிடெஸ் செய்ததோ இடத்தைச் சரிசெய்யும் வேலை. நடுக்களத்துக்கும் தடுப்பாளர்களுக்கும் நடுவே மிலானின் காகா கேட்பாரில்லாமல் உலவிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை அடைக்க, பெஞ்சில் இருந்த ஹமானை இறக்கி, பின்வரிசையை மூன்று பேராக்கினார். அதனால் கேப்டன் ஜெரார்டு முன்னே போக முடிந்தது. 54, 56, 60-ஆவது நிமிடங்களில் மூன்று கோல். பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில் 3-2 என்று லிவர்பூல் வென்றது. அந்த மூன்று கோலில் ஒன்றுகூட ஹமான் அடித்ததில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு விஷயமும் அந்த ஓய்வறையில் நடந்தது. பெனிடெஸ் முதலில் வெளியே எடுக்க நினைத்தது தடுப்பாளர் டிரயோரேயை. இன்னொரு தடுப்பாளரான ஃபின்னனால் காயத்தோடு தொடர முடியாது என்று, வீரர்களின் காயத்தைக் கவனிக்கும் பிசியோ சொன்ன பிறகு ஃபின்னன் வெளியேற, டிரயோரே தங்கினார். பிற்பாதியில் கோல் கோட்டுக்குப் போன ஒரு பந்தை விலக்கியதும் அவர்தான். உங்கள் கடையில் பிசியோ யார்? அந்த நாலு டெக்னீஷியன்கள். உங்கள் மீட்டிங்கில் அவர்கள் வாய் திறப்பதுண்டா?

இப்போது உங்கள் ஆட்டத்துக்கு வருவோம். விசாரணை, டெமோ, ஆர்டர், பொருத்தி முடித்தது என்ற நாலு எண்ணிக்கையையும் முந்தின நாள் மாலையே ஆபீஸ் ஆள் பலகையில் எழுதி வைக்கட்டும். யார் பெயரும் பலகையில் வேண்டாம். எந்த இரண்டு எண்களுக்கு நடுவே பெரிய பள்ளம் விழுகிறதோ, அதுதான் உங்கள் காகா உலவும் இடம். இந்தத் தொழிலில் பெரும்பாலும் அது டெமோவுக்கும் ஆர்டருக்கும் நடுவில் இருக்கும். 'வருஷத்துக்கு ஃபில்டர், மெம்பிரேன் மாற்ற எவ்வளவு ஆகும்? எவ்வளவு தண்ணீர் வீணாகப் போகும்?' என்று வீட்டம்மா கேட்க, சேல்ஸ் பையன் மென்று விழுங்குவான்.

டெமோவையும் தரம் பிரித்து எண்ணுங்கள். பெனால்டி 100-ல் 75-க்கு மேல் கோலாகும். பெனால்டி பெட்டிக்கு வெளியே தூரத்திலிருந்து அடிப்பது நாலைந்துதான் ஆகும். அதனால்தான் கிளப்புகள் இப்போது கோலோடு வாய்ப்பின் தரத்தையும் கணக்கிடுகின்றன. முடிவெடுப்பவர் வீட்டில் இருந்தபோது, அவர்கள் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின்) அளவைக் காட்டி நடத்திய டெமோ 'அ'. பகல் 12 மணிக்குப் பாட்டியிடம் நடத்தியது 'ஆ'. 'அ' நிறைய இருந்தும் பதினைந்து நாளில் ஆர்டர் குறைந்தால் பையனைத் திட்டாதீர்கள், அது வந்துவிடும். ஆர்டர் இருக்கிறது, 'அ' இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அது எங்கோ அதிர்ஷ்டத்தில் விழுந்த கோல்.

கூட்டம் அரை மணி நேரம் போதும். கிளப் ஓய்வறையில் கிடைப்பது 15 நிமிடம். அதிலும் முதல் சில நிமிடங்கள் வீரர்கள் மூச்சு வாங்கித் தண்ணீர் குடிப்பார்கள், பயிற்சியாளர் தன் உதவியாளர்களோடு பேசிக்கொண்டிருப்பார். மீதியில் இரண்டு மூன்று விஷயம்தான் சொல்ல முடியும். நீங்களும் முதல் ஐந்து நிமிடம் டீயைக் கொடுத்துப் பலகையைப் பார்க்க விடுங்கள். பிறகு டெக்னீஷியன்கள், அடுத்து சேல்ஸ், கடைசியில் நீங்கள். முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் ஆமாம் சாமி போட்டுவிடுவார்கள். தனி ஆளிடம் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள்.

முடிவு ஒன்றே ஒன்று. உதாரணமாக, மீதி 13 நாளும் ஒரு டெக்னீஷியன் மாலை 6 முதல் 8 வரை டெமோவுக்குக் கூடப் போகிறார். அவர்தான் உங்கள் ஹமான். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: இன்சென்டிவ் முழுக்க சேல்ஸுக்கே போனால் அவர் மூன்றாம் நாள் வரமாட்டார். ஆர்டருக்கு 100 ரூபாயாவது அவர் கைக்குப் போகட்டும். அவருடைய சர்வீஸ் அழைப்புகளைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். ஒரே கூட்டத்தில் நாலு மாற்றம் செய்தால் எது பலித்தது என்று உங்களுக்கே தெரியாது.

கத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சியாளர் ஃபெர்குசன் வீரர்களின் முகத்துக்கு நேராகக் கத்தும் 'ஹேர் டிரையர்' ஏச்சு உலகப் பிரசித்தம். 1986 முதல் 2013 வரை மான்செஸ்டர் யுனைடெட்டில் நிலைத்த அவர், அன்றாடப் பயிற்சியை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாரத்தில் இரண்டு டெமோவுக்கு நீங்களும் போய், வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கால்பந்தில் உள்ள ஒரு வசதி உங்களுக்கு இல்லை: மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் காத்திருப்பது. ஆளை மாற்ற முடியாது, இடத்தைத்தான் மாற்ற முடியும். ஏற்கெனவே இருவர் போயிருக்கும் நிலையில் இது இன்னும் முக்கியம்.

மாதக் கடைசிக் கூட்டத்தை 20 நிமிடத்தில் முடியுங்கள்; எண்ணிக்கை வாசிப்பது மட்டும். இடைவேளைக் கூட்டத்தை 13-ஆவது நாளை ஒட்டிய புதன் காலையில் வையுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். வீட்டில் எல்லோரும் இருப்பது அன்றுதான், டெமோ போகிற நாள்.