ஸ்பானிஷில் ‘சத்தமான’ என்பதற்கு ஃபுவெர்தே, ஆல்தோ, ருய்தோசோ, எஸ்த்ரிதெந்தே, சோனோரோ என்று பல சொற்கள் இருக்கின்றனவே, எதை எங்கே பயன்படுத்துவது?

இந்த ஐந்துக்கும் அகராதியில் ஒரே ஆங்கிலச் சொல் எதிரே நிற்பதால்தான் குழப்பம். ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேராகப் போய்ப் பாருங்கள். கணீர், கீச், தொம், கரகர என்று நாம் ஒலிக்குறிப்பால் பிரித்துச் சொல்வதில் பெரும்பகுதியை ஸ்பானிஷ் பெயரடையால் பிரிக்கிறது. ஒலிக்குறிப்பு மனதுக்கு வந்துவிட்டால் பெயரடையும் பின்னாலேயே வரும்.

முதலில், வெறும் அளவு. பாட்டுச் சத்தம் அதிகம், கொஞ்சம் குறை என்று சொல்ல ஆல்தோ அல்லது ஃபுவெர்தே போதும். ‘லா மூசிகா எஸ்தா முய் ஆல்தா’ என்பது ஸ்பெயினில் அதிகம் கேட்கும். லத்தீன் அமெரிக்காவில் அதே இடத்தில் ஃபுவெர்தே அதிகம். எங்கே எதைச் சொன்னாலும் புரியும். இப்போதைய நிலையைச் சொல்வதால், ‘இரு’ என்ற பொருளுள்ள இரண்டு வினைகளில் எஸ்தார்தான் வரும், ‘சேர்’ வராது. பேசுவதைப் பற்றிச் சொல்லும்போது ஆல்தோ வினையடையாகிவிடும், பால் மாறாது: ‘மரீயா ஆப்லா ஆல்தோ’ என்றால் மரீயா உரக்கப் பேசுகிறாள். ‘மரீயா எஸ் ஆல்தா’ என்றால் அவள் உயரமானவள். ‘ஆப்லா ஆல்தா’ என்பது பிழை.

ருய்தோசோ அளவைச் சொல்வதில்லை, இரைச்சலைச் சொல்கிறது. இரைச்சல் போடும் இயந்திரம், தெரு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ருய்தோசோ. ஒருவர் வாசிக்கும் இசையை ‘ருய்தோசா’ என்றால் அது இசையே இல்லை, வெறும் இரைச்சல் என்று குறை சொன்னதாகிவிடும். சத்தத்தைக் குறைக்கச் சொல்வதுதான் நோக்கம் என்றால் இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். ஆட்கள் நிறைந்து கலகலப்பாக இருக்கும் சதுக்கத்தை மகிழ்ச்சியோடு சொல்ல புயிசியோசோ என்று தனிச்சொல் உண்டு.

சுருதி வேறு கணக்கு. மேல் சுருதி அகூதோ, கீழ் சுருதி கிராவே. இங்கே பலரும் சறுக்குவது ‘தாழ்ந்த’ என்ற பொருளுள்ள பாஹோவில். ‘என் போஸ் பாஹா’ என்றால் மெதுவான குரலில் என்றுதான் பொருள், கட்டைக் குரல் அல்ல. கட்டைக் குரலுக்கு ‘போஸ் கிராவே’ என்று குரலையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆளைச் சுட்டி ‘எஸ்தா கிராவே’ என்று மட்டும் சொன்னால் அவர் கவலைக்கிடமாக இருக்கிறார் என்று பொருள்.

அகூதோவில் குறை எதுவும் இல்லை, புல்லாங்குழலும் அகூதோதான். அதே உயர்ந்த சுருதி காதைக் குத்தினால் எஸ்த்ரிதெந்தே. கீச்சுக்குரல் என்றால் சியோன். கத்துவது, கீச்சிடுவது என்ற பொருளுள்ள சியார் என்ற வினையிலிருந்து வந்தது. எஸ்த்ரிதெந்தே, சியோன் இரண்டும் கண்ணை உறுத்தும் நிறங்களுக்கும் அப்படியே பொருந்தும். கரகரத்த குரல் ரோங்கோ. தொண்டை கட்டியிருந்தால் ‘எஸ்தோய் ரோங்கோ’, பெண் சொன்னால் ‘ரோங்கா’.

சோனோரோவைச் சத்தம் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. அது கணீரென்று ஒலித்து நிற்பது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது அழுத்தம் கூடும்: ‘ஊனா சோனோரா போஃபெதாதா’ என்றால் பளாரென்று ஓர் அறை. ‘சோனோரோ ஃபிரகாசோ’ என்பதில் ஒலியே கிடையாது, ஊரறிந்த படுதோல்வி. பாட்டைக் குறைக்கச் சொல்லி ‘மூசிகா சோனோரா’ என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி சோர்தோவும் என்சோர்தெசெதோரும். சோர்தோ என்றால் காது கேளாதவர். ஒலிக்கு வரும்போது அது மழுங்கிய ஒலி: மாவு மூட்டை தரையில் தொம்மென்று விழுவது ‘கோல்பே சோர்தோ’. அதே வேரிலிருந்து வந்த என்சோர்தெசெதோர் நேர் எதிர், கேட்பவரைச் செவிடாக்கும் சத்தம். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

ஸ்பெயினின் வலென்சியா நகரில் மார்ச் 1 முதல் 19 வரை நகராட்சிச் சதுக்கத்தில் பகல் 2 மணிக்கு மஸ்கிலெதா என்ற வெடி நிகழ்ச்சி நடக்கும். ஒளிக்காக அல்ல, ஒலிக்காகவே வைக்கும் வெடி. அதை ருய்தோசா என்றால் சப்பென்றிருக்கும், புகார்போலவும் ஒலிக்கும். இடிபோல் முழங்குவதைச் சொல்ல அத்ரோனதோரா, காது அடைத்துப்போவதைச் சொல்ல என்சோர்தெசெதோரா, வெடித்துச் சிதறும் பேரொலிக்கு எஸ்த்ருவெந்தோசா. எஸ்த்ரிதெந்தே பொருந்தாது, அங்கே கீச்சொலி முக்கியமில்லை. வெடி நெஞ்சில் அதிரும்.

எழுதும்போது ஈற்றைக் கவனியுங்கள். ஃபுவெர்தே, கிராவே, எஸ்த்ரிதெந்தே மூன்றும் பாலுக்கு மாறாது. சியோன் பெண்பாலில் சியோனா, பன்மையில் சியோனெஸ். இந்த இரண்டிலும் ‘ஓ’ மேல் உள்ள அழுத்தக்குறி போய்விடும்.